வண்டி சும்மாதானே போகுது

இப்போது தினமும் ஐயாயிரம் அடி நடக்கிறேன். யாரும் குறுக்கே வருவதில்லை. இளவட்டங்கள் காதில் எதையோ செருகிக்கொண்டு பைக்கில் பறக்கிறார்கள். ஓரமாக நடந்து போகிற கிழவன் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. நான் ஆசைப்பட்டதும் இதைத்தான். என் மச்சான் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் வண்டி ஓட்டிய காலத்தில், என்னை என் போக்கில் நடக்கவிட்ட நாட்கள் என்று என் நோட்டில் பதினேழுதான் இருக்கின்றன. அந்தப் பதினேழிலும் ஆறு நாள் அவருடைய மொபெட் பஞ்சர்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பத்து நான்கு வருடம் ஸ்டோர் பார்த்தவன். ஐந்நூறு தாள் இருக்கவேண்டிய ரீமில் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு இருந்தால் என் விரல் சொல்லிவிடும். காலண்டர் சீசன் முடிந்தும் தூக்கத்தில் தாள் எண்ணுகிறேன் என்று என் மனைவி குறைப்பட்டிருக்கிறாள். ஓய்வு பெற்றதும் வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டு அவள் பிறந்த ஊருக்கே குடிவந்தேன். அச்சங்குளத்தைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர். அமைதியாக இருக்கும் என்று நினைத்தேன். அங்கே நான் மாப்பிள்ளை என்பதை நினைக்கவில்லை. வயது அறுபத்தாறு, விழுந்த பல் ஏழு, ஆனாலும் ஊருக்கு நான் மாப்பிள்ளைதான். டீக்கடையில் நான் போனால் நாற்காலியைத் துடைப்பார்கள். குடத்தைத் தொட்டால் பிடுங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளை வெயிலில் நடந்து போனால் அது அந்த ஊருக்கே கேவலம்.

அந்த மச்சான் என் மனைவிக்குப் பெரியப்பா மகன். எனக்கு மூன்று வயது மூத்தவர். நான் மச்சான் என்பேன், அவர் மாப்ள என்பார். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஸ்பார்க் பிளக் இருக்கும். நடப்பது என்ற காரியத்தை அவர் எப்போதோ கைவிட்டுவிட்டார். அவர் வீட்டுக்கும் எதிர்ச் சாரியில் இருக்கும் கடைக்கும் இருபத்திரண்டு அடி, நானே அளந்திருக்கிறேன். தீப்பெட்டி வாங்க அந்த இருபத்திரண்டு அடிக்கும் வண்டியை மிதித்துக் கிளப்புவார். இரண்டு ஏக்கர் மக்காச்சோளத்தைப் பார்வையிடுவதும் வரப்பின் மேல் மொபெட்டில்தான். ஒருமுறை வரப்பு சரிந்து வண்டியோடு வாய்க்காலில் கிடந்தார். தூக்கிவிட்டதும் மண்ணைத் தட்டிக்கொண்டு, ஐம்பதடி தள்ளியிருந்த பம்புசெட்டுக்கு அதே வண்டியில் கை கழுவப் போனார்.

"கொஞ்சம் நடந்தா என்ன மச்சான்?" என்று கேட்டேன்.

"நடக்க வேண்டியதெல்லாம் பத்து வயசுக்குள்ள நடந்து முடிச்சுட்டேன் மாப்ள. இனி கால் எனக்குப் பிரேக் போடத்தான்."

அவர் நடக்காதது அவர் பாடு. ஆனால் மற்றவர் நடப்பதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதுதான் வினை. சாலையில் யார் போனாலும் பக்கத்தில் வண்டி வந்து நிற்கும். எங்கே போகிறீர்கள் என்றுகூடக் கேட்கமாட்டார். "ஏறுங்க, வண்டி சும்மாதான போகுது" என்பார். வண்டி ஒருநாளும் சும்மா போனதில்லை. பின்னால் ஓர் ஆள், முன்னால் ஒரு மூட்டை, மூட்டையின் மேல் யாருடைய குழந்தையாவது. ஓர் ஆட்டையும் அதன் இரண்டு குட்டிகளையும் ஆட்டுக்காரியையும் ஒரே நடையில் கொண்டுபோனதை என் கண்ணால் பார்த்தேன்.

எனக்குச் சர்க்கரை வந்த கதையைச் சொல்லவேண்டும். சாத்தூரில் நான் பார்க்கும் டாக்டரம்மா, மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி இரண்டு என்றார். "மாத்திரையைக் கூட்டியாச்சு. இனி தினமும் ஐயாயிரம் அடி நடக்கணும். மூணு மாசத்துல எட்டுக்குக் கீழ வரலைன்னா ஊசிதான்" என்றார். என் அண்ணனுக்கு ஊசியில் ஆரம்பித்து, இரண்டு விரல் எடுத்து, பிறகு பாதம் வரை போனது. எனக்கும் உள்ளங்காலில் மரத்தது போல இருந்தது. அன்றைக்கே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

நடப்பதற்கு எங்கள் ஊரில் எத்தனை இடம் இருக்கிறது என்று முதலில் கணக்கெடுத்தேன். கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலம் இரண்டு பக்கமும் கட்டிப்பிடித்துக் கிடக்கிறது. முள் இல்லாத இடத்தில் வேறு காரணத்துக்காகக் கால் வைக்கமுடியாது. பள்ளிக்கூட மைதானத்துக்குப் பூட்டு. கிழக்கே பட்டாசுக் கம்பெனி வேலி போட்டு, அந்நியர் வரக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறது. தெருவுக்குள் நடக்கலாம் என்றால் மொத்தமே அறுநூறு அடி, நாய்கள் பதினான்கு, "மாப்பிள்ளை எதைத் தொலைச்சுட்டுத் தேடுதாரு?" என்று கேட்கிறவர்கள் அதைவிட அதிகம். மிச்சம் ஒரே வழி, வீட்டிலிருந்து மெயின் ரோட்டில் பஸ் நிற்கிற விலக்கு வரை போகும் சாலை. இரண்டாயிரத்து நானூற்று அறுபது அடி. போக வர நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. விலக்கில் இருக்கும் வேப்பமரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினால் எண்பது. கச்சிதமாக ஐயாயிரம். அப்படி ஒரு பொருத்தத்தைக் கண்டு நானே சந்தோஷப்பட்டேன்.

முதல் நாள் ஆயிரத்து நூற்று நாற்பதாவது அடியில் பின்னால் மொபெட் சத்தம்.

"என்ன மாப்ள, நடந்து போறீக? ஏறுங்க."

"இல்ல மச்சான். சும்மா நடக்கிறேன்."

"சும்மாவா?" அவர் முகத்தில் நிஜமான கவலை தெரிந்தது. "தங்கச்சிகிட்ட சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல."

"பெறகு என்னத்துக்கு நடக்கீக? ஏறுங்க, வண்டி சும்மாதான போகுது."

மறுத்துவிட்டு நடந்தேன். அன்று ஐயாயிரம் முடிந்தது. ஆனால் வீட்டில் என் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்த சத்தத்திலேயே செய்தி வந்துசேர்ந்துவிட்டது தெரிந்தது.

"எங்கண்ணன் வண்டியில ஏறமாட்டேன்னுட்டீகளாமே? மதினி வந்து அழுதுட்டுப் போறாக. நாங்க என்ன தப்புப் பண்ணுனோம், போன மாசம் கல்யாண வீட்டுல எதுவும் மரியாதைக் கொறைச்சலான்னு கேக்காக."

"ஏறமாட்டேங்கிறதுக்கும் மரியாதைக்கும் என்ன சம்பந்தம்?"

"கூப்பிட்ட வண்டியில ஏறலைன்னா, பேச்சு வார்த்தை இல்லைன்னு அர்த்தம். இந்த ஊர்ல அப்படித்தான்."

இங்கே என் தவற்றையும் எழுதிவிடுகிறேன். சர்க்கரை என்ற சொல் ஊருக்குள் போகக்கூடாது என்று மனைவிக்கு நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மாமியார் ஊரில் நோயாளியாக நிற்க எனக்கு விருப்பமில்லை. அவள் பாவம், அண்ணனைச் சமாதானப்படுத்த, "அவுகளுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லண்ணே" என்று மட்டும் சொல்லிவைத்தாள். அவ்வளவுதான். உடம்பு சரியில்லாத மாப்பிள்ளை நடப்பதா? அன்று முதல் அவர் எனக்காகவே காலையில் வண்டியை எடுக்க ஆரம்பித்தார்.

நேரத்தை மாற்றினேன். ஆறு மணிக்குப் போனால் ஆறுக்கு வந்தார், ஐந்தரைக்குப் போனால் ஐந்தரைக்கு. பால் வாங்கப் போகிறவன் போலத் தூக்குவாளியோடு போனேன். "பாலா? குடுங்க, நீங்க வீட்டுக்குப் போங்க" என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார், எங்கள் வீட்டில் அன்றைக்கு மூன்று லிட்டர் பால். ஒருநாள் சத்தம் கேட்டதும் கருவேல மறைவில் ஒதுங்கினேன். அவர் என்னைக் காணவில்லை என்று விலக்கு வரை போய், திரும்பி வந்து, வேறு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு தேடினார். முட்கள் கிழித்த சட்டையோடு வெளியே வந்தபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வயிறு சரியில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். மாலையில் ஓமத் தண்ணீர் வந்தது, மூன்று வீடுகளிலிருந்து.

பிறகு ஒரு தந்திரம் செய்தேன். போகும்போது அவர் வண்டியில் விலக்கில் இறங்கிக்கொள்வது, அவர் போனபின் நடந்து திரும்புவது. பாதியாவது தேறும். இரண்டு நாள் தேறியது. மூன்றாம் நாள் எண்ணூறாவது அடியில் பால்காரர் நிறுத்தினார். "மாப்பிள்ளை நடந்து வருவாரு, பாத்து ஏத்திட்டு வான்னு அண்ணாச்சி சொல்லிவிட்டாக." மறுநாள் தண்ணீர் டிராக்டர். அதற்கடுத்த நாள் ஒரு பெண்ணின் ஸ்கூட்டி. ஒரு முழு ஊரை எனக்கு எதிராக அவர் ஏற்பாடு செய்துவிட்டார்.

ஆத்திரத்தில் ஒருநாள் மாலை, வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்தபடியே கேட்டேவிட்டேன். "ஒரு மனுஷனைக் கூடவா நடக்கவிடமாட்டீங்க?"

அப்போது கம்பெனி வேனைத் தவறவிட்ட மூன்று பெண்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். உடம்பெல்லாம் வெள்ளி மருந்துத் தூள். அவர் அவர்களைக் காட்டினார்.

"நாள்பூரா குத்தவச்சு மருந்து அடைச்சுட்டு, இடுப்புச் செத்து வாரவளுகளை நடங்கடின்னு சொல்லச் சொல்லுதீகளா? இந்த ஊர்ல எவனும் ஆசப்பட்டு நடக்கல மாப்ள. வண்டி இல்லாதவன்தான் நடக்கான்."

"நான் ஆசைப்பட்டு நடக்கிறேனே!"

"அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

என்னை இறக்கிவிட்டு அந்த மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு மொபெட்டில் நான்கு பேர். சட்டப்படி குற்றம். வீடு வரை நடந்தேன். தொள்ளாயிரத்து எழுபது அடி. அந்த மாதத்தில் அதுதான் அதிகம்.

மூன்று மாதம் முடிந்தது. சாத்தூருக்கு பஸ்ஸில் போகிறேன் என்றேன், கேட்பாரா? பதினோரு கிலோமீட்டரும் அவர் வண்டியில்தான். வாசலோடு நிற்கச் சொன்னால் உள்ளேயும் வந்து எனக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். ஒன்பது புள்ளி ஆறு.

"கூடியிருக்கே. தினமும் நடந்தீங்களா இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம்மா. மூணு மாசமா மாப்பிள்ளையை ஒரு எட்டு நடக்கவிடல. எங்கன பாத்தாலும் தூக்கி வண்டியில போட்டுட்டேன். ஊர்லயும் எல்லார்கிட்டயும் சொல்லிவச்சிருக்கேன்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நிதானமாக, சர்க்கரை என்றால் என்ன, நடக்காவிட்டால் காலுக்கு என்ன ஆகும் என்று என்னிடம் சொல்லவேண்டியதையெல்லாம் அவரைப் பார்த்துச் சொன்னார். இரண்டு மாதம் தவணை தந்தார்; அதற்குள் இறங்காவிட்டால் ஊசி. முடிவில், "பெரியவரே, நீங்களும் ஒருதடவை ரத்தம் பாத்துக்கிடுங்க" என்றார்.

"எனக்கு என்னம்மா, நான் வண்டியிலதான போறேன்" என்றார் அவர்.

திரும்பும் வழியில் ஊர் விலக்கு வந்ததும் வண்டியை நிறுத்தினார். முதன்முதலாக அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது.

"இறங்குங்க."

இறங்கினேன். "நடங்க" என்றார்.

இனி நிம்மதி என்றுதானே யாரும் நினைப்பார்கள்? மறுநாள் காலை நான் வாசலில் கால் வைக்கும்போதே மொபெட் நின்றுகொண்டிருந்தது. என்னோடு கூடவே வந்தார். நான் இடது ஓரத்தில் நடக்க, எனக்கு வலப் பக்கம் அவர் வண்டியில். என் வேகத்துக்கு வண்டி சாயாமல் நிற்காது என்பதால் இரண்டு கால்களையும் தரையில் இழுத்துக்கொண்டு, வாத்து போல. புகை முழுவதும் என் மூக்கில். யாராவது வண்டியை நிறுத்தினால் தொலைந்தார்கள்.

"ஏலே, போலே அங்கிட்டு! மாப்பிள்ளைக்குச் சர்க்கரை. அவரு நடக்கணும்!"

நான் மூன்று மாதம் பொத்திவைத்த சொல் மூன்று நாளில் ஊர் முழுக்கப் பரவியது. டீக்கடையில் எனக்குச் சீனி நின்றது. வடை கேட்டால் கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். பாலத்துச் சுவரில் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் மக்காச்சோளக் காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், "மாப்பிள்ளை உக்காந்துட்டாரு!" என்று கேட்கும். வேனில் போகும் பெண்கள் தலையை நீட்டி, "எம்புட்டு ஆச்சு மாமா?" என்பார்கள். போதாக்குறைக்கு அவரும் அடிகளைச் சத்தமாக எண்ணுவார். நானூற்று ஐம்பதுக்குப் பிறகு நானூற்று எழுபது. எண்ணத் தெரியாத மனிதர் பக்கத்தில் எண்ணிக்கொண்டு வந்தால், எண்ணத் தெரிந்தவன் படும் பாட்டை யாரிடம் சொல்வது?

"மச்சான், இருபது விட்டுப்போச்சு."

"உங்களுக்கு லாபம்தான மாப்ள?"

"லாபம் இல்லை, நஷ்டம்! நடக்காத இருபது என் உடம்பில் ஏறாது!"

அந்த நாட்களில் சாலையில் ரப்பர் கருகும் வாடை வேறு. ஓரத்தில் குப்பையைக் கொளுத்துவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதைப் பற்றி மனு எழுதும் எண்ணத்தில் நாள் குறித்துவைத்தேன். நோட்டில் இப்போதும் இருக்கிறது. 'குப்பை எரிப்பு, வாடை.' நான்கு காலைகள், தேதியோடு.

அது குப்பை இல்லை. மொபெட்டின் சைலன்சர் வலப் பக்கம். வலது காலைத் தரையில் இழுத்துக்கொண்டு வரும்போது குதிகால் அதில் உரசி உரசிச் செருப்பு உருகியிருக்கிறது; செருப்புக்குப் பிறகு தோல். நான் எப்போதும் அவருக்கு இடப் பக்கம் நடந்தேன். அவருக்கோ அந்தக் காலில் சூடே தெரியவில்லை. வீட்டுத் தரையில் ஈரத் தடம் பார்த்து அவர் மனைவிதான் காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

"நாலு நாளாச் செருப்பு காலோட ஒட்டிக்கிட்டு வருதுன்னு சொல்லுதாரு, வலிக்கலையான்னா, எதுக்கு வலிக்கணும்ங்காரு" என்று என் மனைவியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சாத்தூரில் விரலில் குத்திப் பார்த்தார்கள். அந்தச் சின்ன மெஷின் எண்ணே காட்டவில்லை. எண்ணுக்கு மேலே போய்விட்டால் 'அதிகம்' என்று மட்டும் காட்டுமாம். எண் இல்லாத ஒரு கணக்கை நான் அன்றுதான் பார்த்தேன். டாக்டரம்மா சொன்ன அன்று அதே ஸ்டூலில் அவரை ஒரு நிமிடம் பிடித்து உட்காரவைத்திருந்தால் போதும். நான் என்னுடைய ஒன்பது புள்ளி ஆறையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதுரையில் வைத்து, வலது காலைக் கணுக்காலுக்கு மேலே வரை எடுத்தார்கள். பார்க்கப் போனேன். கட்டிலில் படுத்திருந்தவர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்கு எம்புட்டு மாப்ள?"

"இன்னைக்கு நடக்கல மச்சான். உங்களைப் பாக்க வந்துட்டேனே."

"அதுக்காக? இந்த வராண்டா நீளமாத்தான இருக்கு? போங்க, நடந்துட்டு வாங்க."

போனேன். நூற்றுப் பன்னிரண்டு அடி நீளம். எட்டுமுறை போய் வந்தேன். தவணை முடிந்தபோது என் கணக்கு ஏழு புள்ளி எட்டுக்கு வந்தது. எனக்கு ஊசி தேவைப்படவில்லை. அதை அவரிடம் சொன்னபோது பக்கத்துக் கட்டில்காரரிடம், "எங்க மாப்பிள்ளை, நான் நடத்தினது" என்றார்.

அடுத்த ஐந்து மாதம் சாலை அமைதியாக இருந்தது. ஊர் பழகிவிட்டது, யாரும் ஏறச் சொல்லவில்லை, எல்லாரும் எண்ணிக்கை மட்டும் கேட்டார்கள். ஐயாயிரம் ஒருநாளும் தவறவில்லை. நோட்டில் வரிசையாக ஐயாயிரம், ஐயாயிரம். இரண்டாவது நோட்டும் வாங்கினேன். ஒருநாள்கூட விட்டுப்போகக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி.

ஒரு காலை ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டாவது அடியில் பின்னால் சத்தம் கேட்டது. வேறு சத்தம், கனமானது. திரும்பினால் அவர். மொபெட் இல்லை; பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்துக் கட்டிய ஸ்கூட்டர். எல்லாம் கையால் போடும் பிரேக். வலது காலின் கைலி காற்றில் ஆடியது. சட்டைப் பையில் அதே ஸ்பார்க் பிளக்.

"சீட்டு பெருசு மாப்ள இதுல. ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம்." என் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க நடக்கணும்ல. எனக்குத் தெரியும். சும்மா கேட்டேன்" என்றார்.

நான் வண்டியைச் சுற்றி வலப் பக்கம் போனேன். குனிந்து பார்த்தேன். சைலன்சரின் மேல் தகரம் வைத்து மூடியிருந்தது. காலுக்கும் அதற்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தேன். நான்கு விரல்கடை.

"என்ன மாப்ள பாக்கீக அங்கன?"

"ஒண்ணுமில்ல. எங்க போறீக?"

"எங்கயும் இல்ல" என்றார். "வண்டி சும்மாதான போகுது."

ஏறி உட்கார்ந்தேன். அன்றைக்கு நோட்டில் ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு என்றுதான் இருக்கிறது.